இறந்தவரின் சாட்சியம்

ஒரு மனிதன் கொல்லப்பட்டான் என்று வழக்கு எழுந்துவிட்டால் நீதிமன்றத்தின் முன் நிற்கும் பெருங்கேள்விகள் இரண்டு. அவன் எதனால் இறந்தான் என்பது முதலாவது. யாரால் இறந்தான் என்பது அடுத்தது. இவ்வரிசையில்தான் அவை கேட்கப்படவும் வேண்டும். ஊர் மக்களாகிய நாமோ இரண்டாவதில் தொடங்கி, அதிலேயே முடித்தும் விடுகிறோம். பிடிபட்டவன் ஒப்புக்கொண்டான் என்று நாளேட்டில் ஒரு வரி வந்தால் போதும், தேநீர்க்கடையிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். தன் கழுத்துக்குத் தானே கயிறு கொடுப்பவன் பொய்யா சொல்வான் என்பது நம் வாதம்.

தென்னேரியின் ஏரிக்கரையில் நின்றால் மேற்கே காஞ்சிபுரம், வடகிழக்கே ஸ்ரீபெரும்புதூர். இரண்டுமே அதிகத் தொலைவில் இல்லை. இந்த இரண்டு ஊர்களிலும் 1991 ஆம் ஆண்டிலும் 2004 ஆம் ஆண்டிலும் நடந்த கொலைகள் உச்ச நீதிமன்றம் வரை சென்று, ஒருவன் வாய்ச்சொல்லுக்கு வழக்கில் என்ன மதிப்பு என்ற கேள்வியை நாடறிய எழுப்பின. அவற்றுக்கு வருமுன், இதைவிடப் பழைய வரலாறுகள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று நம் கிதாபுகளில் உள்ளது. மற்றொன்று சென்னைக் கோட்டையில் நடந்தது.

டமாஸ்கஸ் நகரத்து அறிஞர் இப்னுல் கையிம் அவர்கள் (மறைவு 1350) நீதி விசாரணை முறைகளைப் பற்றி எழுதிய 'அத்துருக்குல் ஹுக்மிய்யா' என்னும் நூலில் அந்த முதல் நிகழ்ச்சி வருகிறது. அலீ (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். பாழடைந்த கட்டடம் ஒன்றில் ஒருவன் குத்துண்டு இரத்தத்தில் கிடக்கிறான். அருகில் இரத்தம் சொட்டும் கத்தியுடன் இன்னொருவன் நிற்கிறான். காவலர் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தக் கேட்டதற்கு, நானே கொன்றேன் என்று சொல்லிவிட்டான். தண்டனையும் விதிக்கப்பட்டது. கொலைக்களத்துக்குக் கொண்டுசெல்லும்போது வேறொருவன் ஓடிவந்து, அவசரப்படாதீர்கள், கொன்றவன் நான் என்று தடுத்தான். கலீபா அவர்கள் முன்னவனைத் திரும்ப அழைத்து, செய்யாததை ஏன் ஒப்புக்கொண்டாய் என்று வினவினார்கள். அவன் ஒரு கசாப்புக்காரன். விடியற்காலை இருட்டில் மாடு அறுத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தவன், கத்தியும் கையுமாகவே அந்தப் பாழிடத்துக்கு ஒதுங்கியிருக்கிறான். திரும்பும் வழியில் பிணத்தைக் கண்டு திகைத்து நின்றவேளை காவலர் வந்துவிட்டனர். கையில் கத்தி, எதிரே பிணம். இந்த நிலையில் இல்லை என்றால் யார் நம்புவார் என்று எண்ணி, கணக்கை அல்லாஹ்விடம் விட்டுவிட்டு ஆமென்று தலையசைத்துவிட்டான்.

அவனை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. அவனைச் சூழ்ந்து நின்ற முகங்களே போதுமானவையாக இருந்தன. வற்புறுத்தல் என்றால் பிரம்பும் சங்கிலியும் மட்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கசாப்புக்காரனைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். உமர் (ரலி) அவர்கள் பசியையும் அச்சத்தையும் கட்டிவைப்பதையும் ஒரே தட்டில் வைத்து, இவற்றுக்கு ஆட்பட்டவன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் சொல்லுக்குக்கூட நம்பகமானவன் அல்லன் என்று கருதியதாக நூல்கள் அறிவிக்கின்றன. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கசாப்புக்காரன் கதையைப் பாதுகாத்துத் தந்த அதே நூலிலேயே, கெட்ட பெயர் எடுத்த சந்தேக நபரை அடித்து விசாரிக்கலாம் என்ற கருத்தும் இடம் பெற்றிருக்கிறது. அந்தக் கதையே இந்தக் கருத்துக்குப் போதிய மறுப்பு என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் நாம் பார்க்க வேண்டும். அன்று அந்தப் பாழிடத்தில் ஒருவரும் பிணத்தைக் கேட்கவில்லை. காயத்தின் அகலம் கசாப்புக் கத்தியோடு பொருந்துகிறதா? கத்தியில் இருப்பது மனித இரத்தமா, மாட்டு இரத்தமா? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும் வழி அக்காலத்தில் இல்லை. 1901 ஆம் ஆண்டில்தான் ஜெர்மானிய அறிஞர் பால் ஊலன்ஹூத், மனித இரத்தத்தை விலங்கின் இரத்தத்திலிருந்து பிரித்தறியும் சோதனையைக் கண்டார். இன்றானால் ஒரு சோதனைக் குழாய் அவனைக் காப்பாற்றியிருக்கும். அன்று அவனைக் காப்பாற்றியது உண்மைக் கொலைகாரனின் உள்ளத்தில் எழுந்த அச்சம் ஒன்றே.

இனிச் சென்னைக்கு வருவோம். 1693 ஆம் ஆண்டு. புனித ஜார்ஜ் கோட்டை. கும்பெனியின் ஆலோசனைச் சபை உறுப்பினரான ஜேம்ஸ் வீலர் என்பவர், மருத்துவர் சாமுவேல் பிரவுன் கொடுத்த மருந்தை உண்டபின் இறந்துபோனார். முன்பு பாஷாணம் இடித்த கல்வத்திலேயே முத்து மருந்தையும் இடித்திருந்தார்கள் என்பது பிறகு வெளிப்பட்டது. மனமுடைந்த பிரவுன், வீலரைக் கொன்றவன் நானே, எனக்குத் தண்டனை விதியுங்கள் என்று கவர்னருக்குத் தம் கைப்படக் கடிதமே எழுதிவிட்டார். இதைவிடத் தெளிவான ஒப்புதல் உலகில் ஏது? வற்புறுத்தல் இல்லை, மிரட்டல் இல்லை. ஆயினும் அத்தோடு விசாரணை முடியவில்லை. எட்வர்டு பல்க்லி என்ற மருத்துவர் வீலரின் உடலை அறுத்துப் பார்த்து அறிக்கை கொடுத்தார். இந்திய மண்ணில் நீதி விசாரணைக்காக நடந்த முதல் பிரேதப் பரிசோதனை இதுவென்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். வழக்கு நடுவர் குழுவின் முன் சென்றது. பிரவுன் விடுதலையானார்.

பிரவுன் பொய் சொல்லவில்லை. தம் கையால் ஓர் உயிர் போயிற்று என்ற துயரத்தில் கொலை என்ற சொல்லை எடுத்துத் தம்மீது போட்டுக்கொண்டார். அது கொலையா, கவனக்குறைவா, விபத்தா என்று பகுத்துச் சொல்லும் தகுதி அந்த வேளையில் அவருக்கு இல்லை. நம் ஃபிக்ஹு நூல்கள் வேண்டுமென்றே செய்த கொலை, அதையொத்த கொலை, தவறுதலாக நேர்ந்த கொலை என்று பிரித்திருப்பதும் இதற்காகவே. இமாம் அபூஹனீஃபா அவர்கள் கொலைக் கருவி எது என்பதை வைத்து இந்த எல்லையைக் கோடிட்டார்கள். அவர்களின் மாணவர்களான அபூயூசுபும் முஹம்மதும் சில இடங்களில் ஆசானோடு மாறுபட்டார்கள். ஒப்புக்கொள்பவனின் நாவுக்கு இந்த நுட்பமெல்லாம் தெரியாது. எனவேதான் தன்மீதே குற்றம் சுமத்திக்கொண்டு வந்த மாஇஸ் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பினார்கள். இவர் சித்தம் தெளிவானவர்தானா, மது அருந்தியிருக்கிறாரா என்றெல்லாம் விசாரித்தார்கள். இன்று ஒப்புதலைப் பதிவு செய்யும் மாஜிஸ்திரேட், நீ வாக்குமூலம் கொடுக்கக் கடமைப்பட்டவன் அல்லன், கொடுத்தால் அது உனக்கு எதிராகப் பயன்படும் என்று எச்சரித்தாக வேண்டும் என்றும், கொடுக்க விரும்பாதவனை மீண்டும் காவல்துறையின் பிடிக்கு அனுப்பக்கூடாது என்றும் சட்டம் விதிப்பதைப் படிக்கும்போது எனக்கு மாஇஸ் அவர்களின் நினைவே வரும்.

காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி எங்கிருந்து வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதன் வேர்களில் ஒன்று நம் மண்ணில்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் சித்திரவதை நடைபெறுகிறது என்ற புகாரை விசாரிக்க எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அடங்கிய ஆணையம் அமைக்கப்பட்டு, 1855 ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. விரல்களை நெருக்கும் கிட்டி, குனியவைத்துக் கட்டிப்போடுதல் முதலியவை அதில் பதிவாகியுள்ளன. சில ஆண்டுகளுக்குள், 1861 ஆம் ஆண்டின் குற்ற விசாரணைமுறைச் சட்டம் காவலரிடம் தரும் ஒப்புதலை விலக்கியது. 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் அதை 25, 26 ஆம் பிரிவுகளாக நிலைநிறுத்தியது. அச்சட்டத்தை வரைந்த ஸ்டீபன், வெயிலில் அலைந்து தடயம் தேடுவதைவிட நிழலில் அமர்ந்து ஏழை ஒருவனின் கண்ணில் மிளகாயைத் தேய்ப்பது சிலருக்கு எளிதாக இருக்கிறது என்று தமக்கு ஓர் அதிகாரி சொன்னதைப் பதிந்து வைத்திருக்கிறார். சோம்பல்தான் சித்திரவதையின் தாய் என்பதை இதைவிட எளிமையாக விளக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 23 ஆம் பிரிவிலும் இந்த விலக்கு அப்படியே இருக்கிறது. காவலில் உள்ளவன் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்போடு தொடர்புள்ள சொல் மட்டும் ஏற்கப்படும் என்ற பழைய 27 ஆம் பிரிவின் விதிவிலக்கும் தொடர்கிறது.

இந்த வேலியைச் சட்டமே ஓரிடத்தில் திறந்துவிட்டது. 1987 ஆம் ஆண்டின் தடா சட்டம், காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதலும் செல்லும் என்றது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் அருகிலிருந்த பலரும் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதில் ஐயமே இல்லை. யார் யார் எதை அறிந்து என்ன செய்தார்கள் என்பதற்குத்தான் தடா ஒப்புதல்கள் பெரிதும் சான்றாயின. 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் பத்தொன்பது பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்து, நால்வருக்கு மரண தண்டனையையும் மூவருக்கு ஆயுள் தண்டனையையும் நிலைநிறுத்தியது. தடா சட்டக் குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்று கூறிய அதே தீர்ப்பு, அந்தச் சட்டத்தின்படி பெற்ற ஒப்புதல்களைக் கொலைக் குற்றத்துக்குச் சான்றாக ஏற்றது. சட்டம் அதற்கு இடம் தந்திருக்கலாம். என் மனம் அதை இன்றுவரை ஏற்கவில்லை.

அந்நால்வரில் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது அவருக்கு வயது 19. ஒன்பது வோல்ட் மின்கலங்கள் இரண்டை வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டுகளில் முதன்மையானது. அவரது ஒப்புதலைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜன், அந்த மின்கலங்கள் எதற்கென்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாக 2013 ஆம் ஆண்டில் வெளிப்படையாகக் கூறினார். 2017 இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலமும் அளித்தார். 2014 இல் தூக்கு ஆயுள் தண்டனையாயிற்று. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! கசாப்புக்காரன் சொன்னது பொய். பிரவுன் சொன்னது மிகை. இவர் சொன்னதிலோ ஒரு வாக்கியம் தாளுக்கே வரவில்லை. ஒப்புதல் என்பது ஒருவன் வாயிலிருந்து புறப்பட்டு மற்றொருவன் பேனா வழியாகவே தாளை அடைகிறது. இடையில் எத்தனை விரல்கள்!

கொல்லப்பட்டவர்களின் வீட்டாரை மறந்துவிட்டு இதைப் பேசவில்லை. அவர்களுக்குச் சேர வேண்டியது யாரோ ஒருவனுக்குத் தண்டனை அன்று, செய்தவனுக்குத் தண்டனை. அதற்கு வழி, இருப்பவனைப் பேசவைப்பதற்கு முன்பு இறந்தவரைப் பேசவிடுவதே. பட்டு நெசவு அறிந்த வட்டாரத்தில் இதை விளக்குவது எளிது. ஊடை எவ்வளவு நயமானதாயினும் பாவு ஓடாத தறியில் துணி வராது. எதனால் இறந்தார் என்பது பாவு. ஒப்புதல், கிடைத்தால், ஊடை.

பாவு இல்லாமல் நெய்தால் என்ன ஆகும் என்பதற்குக் கர்நாடகத்தின் குடகுப் பகுதியில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2020 ஆம் ஆண்டில் ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி காணாமற்போனார். பிறகு எங்கோ கிடைத்த ஓர் எலும்புக்கூட்டை அவருடையதென்று முடிவு கட்டி, கணவரைக் கொலைகாரர் என்று சிறையிலடைத்தார்கள். எலும்பின் மரபணு பொருந்தவில்லை. 2025 ஏப்ரலில் அந்த அம்மையார் மடிக்கேரியில் உயிரோடு காணப்பட்டார். கணவர் அதற்குள் ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் கழித்திருந்தார். யார் கொன்றார் என்று கேட்டவர்கள், யார் இறந்தார் என்றுகூட ஒழுங்காகக் கேட்கவில்லை.

ஏரிகள் நிறைந்த நம் வட்டாரத்தில், தண்ணீரில் மிதக்கும் உடல் அரிய செய்தி அன்று. மூழ்கி இறந்தவரா, இறந்தபின் தண்ணீரில் போடப்பட்டவரா என்பதைப் பார்வையால் சொல்லிவிட முடியாது. உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்குவது இரண்டு நிலையிலும் உண்டு. உயிரோடு மூழ்கியவர் மூச்சுக்குத் தவித்ததால் மூக்கிலும் வாயிலும் வெண்ணுரை நிற்கலாம்; ஏரித் தண்ணீரில் வாழும் நுண்ணிய பாசியுயிர்கள் இரத்தத்தின் வழியே எலும்பு மஜ்ஜை வரை சென்றிருக்கலாம். கழுத்தில் கயிற்றுத் தழும்பும் அப்படியே. தூக்கில் தொங்கியவருக்கு அது பெரும்பாலும் தாடைக்கு அருகே சாய்வாக ஏறிச் சென்று முழுச் சுற்றாகாமல் நிற்கும். பிறர் இறுக்கியதென்றால் பெரும்பாலும் தாழ்வாக, கிடைமட்டமாகச் சுற்றிவரும். இவற்றில் எந்த ஒன்றும் தனித்து நின்று முடிவு சொல்லாது. அனைத்தையும் சேர்த்துப் படிப்பது மருத்துவரின் கல்வி. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது, அவர்கள் தரையில் புரண்டதால் காயமுண்டாயிற்று என்று காவல்நிலையத் தாளில் எழுதியிருந்தது. அந்தத் தாளுக்கு மறுமொழி சொன்னவை அவ்விருவரின் உடல்களே.

இங்கேதான் நம் குடும்பங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தேகமான மௌத்து நேர்ந்தால் நம்மவர்கள் முதலில் செய்வது, மையித்தை அறுக்காமல் வாங்கிவர யாரைப் பிடிக்கலாம் என்று ஓடுவது. அதன் பின்னால் உள்ள உணர்வை நான் குறைத்துப் பேசமாட்டேன். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதை ஒத்தது என்ற நபிமொழி நாம் அனைவரும் அறிந்ததே. ஜனாஸாவை விரைந்து அடக்குவதும் சுன்னத்து. ஆனால் அந்த நபிமொழியை ஓதி வளர்ந்த ஃபுகஹாக்களே, இறந்த தாயின் வயிற்றில் குழந்தை உயிரோடிருந்தால் வயிற்றைக் கீறி எடுக்கலாம் என்றார்கள். உயிரின் உரிமை முன் உடலின் மரியாதை சற்று வழிவிட்டு நிற்கிறது. சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் சபையும் 1976 ஆம் ஆண்டில், குற்றத்தைக் கண்டறிவதற்கான பிரேதப் பரிசோதனை ஆகுமானது என்று முடிவு செய்தது. கொலையுண்டிருக்கலாம் என்று ஐயமுள்ள உடலைச் சூரியன் மறைந்தபின் பொதுவாகப் பரிசோதிப்பதில்லை. விடியும்வரை காத்திருக்க நேரும். அந்த ஓர் இரவு நமக்கு மலையாகத் தோன்றுகிறது. புகுந்த வீட்டில் இறந்துபோன ஒரு பெண்ணை அவசரமாக அடக்கிவிட்டு, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் பிறகு ஐயம் வந்து, கபுறைத் தோண்ட மனுப்போடும் தகப்பனைவிட அந்த இரவு கொடியது அன்று.

எல்லா விதிகளையும் மதித்து நடந்தும் விடை கிடைக்காமல் போவதுண்டு. 2004 செப்டம்பர் 3 அன்று காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்தில் கோயில் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். எதனால் இறந்தார் என்பதில் இங்கும் ஐயமில்லை. காஞ்சி மடாதிபதி ஜெயேந்திரர் கைதாகி, 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியபோது, உடன் குற்றம் சாட்டப்பட்டோர் தந்து பின்னர் மறுத்த வாக்குமூலம் மற்றச் சாட்சியத்துக்குத் துணையாகலாமேயன்றித் தானே சாட்சியமாகாது என்ற நிலையை எடுத்துரைத்தது. வழக்கு புதுச்சேரிக்கு மாற்றப்பட்டது. அப்ரூவரும் எண்பதுக்கு மேற்பட்ட சாட்சிகளும் பிறழ்ந்தார்கள். 2013 நவம்பர் 27 அன்று இருபத்துமூவரும் விடுதலையாயினர். விடுதலையானவரைப் பற்றி அதன் பின்னும் சந்தேகம் பேசுவது எந்த மார்க்கத்திலும் அறமாகாது. எந்தச் சமயத்தவராயினும் இதே அளவுதான். ஆனால் பட்டப்பகலில் பணியிடத்தில் வெட்டுண்ட மனிதர் ஒருவரை யார் கொன்றது என்ற கேள்வி விடையின்றியே நிற்கிறது.

ஐயத்தின் பயனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும். அதற்கு விலை கொடுப்பவர் யார்? இறந்தவரின் மனைவியும் மக்களும் மட்டும் என்றால் அது நீதியாகாது. கைபரில் அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) கொலையுண்டு கிடந்தபோது அவரது உறவினர்கள் அங்கிருந்த யூதர்கள்மீது குற்றம் சாட்டினார்கள். கண்ணால் காணாததைச் சத்தியம் செய்ய அவர்கள் ஒப்பவில்லை; எதிர்த்தரப்பின் சத்தியத்தை ஏற்கவும் மனமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யார்மீதும் பழியை ஏற்றவில்லை. அந்த இரத்தம் வீணாகவும் விடவில்லை. நூறு ஒட்டகங்களைத் தாங்களே தியத்தாக வழங்கினார்கள். கசாப்புக்காரன் வழக்கிலும், தானே முன்வந்து இன்னொருவன் உயிரைக் காத்தவன் என்பதால் உண்மைக் கொலைகாரனையும் அலீ (ரலி) அவர்கள் விடுவித்தபோது, இறந்தவனுக்குரிய தியத்தைப் பைத்துல் மாலிலிருந்தே கொடுத்தார்கள்.

இதற்கு நெருங்கிய ஒன்று நம் நாட்டுச் சட்டத்திலும் இருப்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. 2009 இறுதியில் குற்ற விசாரணைமுறைச் சட்டத்தில் 357-அ என்ற பிரிவாக நுழைந்து, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 396 ஆம் பிரிவாக இருக்கும் விதி அது. வழக்கு விடுதலையில் முடிந்தாலும் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் பரிந்துரைக்கலாம். குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்கப்படாமல் விசாரணை நடவாவிட்டாலும், இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்தவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் நேரே விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதங்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அங்கே மனுவோடு போய் நிற்கும் விதவையிடம், உன் கணவர் எதனால் இறந்தார் என்றுதான் முதலில் கேட்பார்கள். பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் அவர் அதை எடுத்து நீட்டலாம்.